மச்சானின் 40 சதவிகிதமும் உங்கள் 6 லட்சமும்

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். கைக்கு வரும் சம்பளம் 62,000. மனைவி வீட்டில் இருக்கிறார், மகளுக்கு 7 வயது. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு இடம் வாங்கலாம் என்று சேர்த்த 6 லட்சம் சேவிங்ஸ் அக்கவுண்டில் கிடக்கிறது. ஷேரில் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கூட வேலை பார்ப்பவர் நடத்தும் 2 லட்ச ரூபாய் சீட்டில் 12 மாதம் கட்டிவிட்டேன், இன்னும் 8 மாதம் பாக்கி. நகைக்கடையில் மாதம் 5,000. எல்லாம் போக மாதம் 9,000 மிஞ்சும். மனைவியின் அண்ணன் ஸ்விங் ட்ரேடிங்கில் (ஷேரைச் சில நாளோ சில வாரமோ வைத்திருந்து விற்பது) போன வருடம் 40 சதவிகிதம் எடுத்ததாகச் சொல்கிறார். 3 லட்சம் கொடுத்தால் மாதம் 2 சதவிகிதம் உறுதியாகத் தருவாராம். ஆபீஸ் நண்பர் இண்டெக்ஸ் ஃபண்ட் (ஒரு ஷேர் குறியீட்டில் இருக்கும் கம்பெனிகளை அப்படியே வாங்கிவைக்கும் ஃபண்ட்) போதும் என்கிறார். யூடியூபில் டிவிடெண்ட், மொமெண்டம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போக்குவரத்துக் கழகத்தில் ரிட்டயர் ஆன அப்பா, எல்லாவற்றையும் போஸ்ட் ஆபீஸில் போடு என்கிறார். ஒரு கூட்டுறவு வங்கியில் எஃப்டிக்கு 8.5 சதவிகிதம் என்று கேள்விப்பட்டேன். இதில் எது பெஸ்ட்? மச்சானுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மச்சான் அந்த 40 சதவிகிதத்தை எவ்வளவு பணம் போட்டு எடுத்தார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பெரும்பாலும் யாருமே கேட்பதில்லை, சொல்பவரும் தானாகச் சொல்வதில்லை. என்னிடம் வருபவர்களில் இப்படிப் பெரிய சதவிகிதம் சொல்பவர்களின் அக்கவுண்டைத் திறந்து பார்த்தால் 50 ஆயிரம், 60 ஆயிரம், மிஞ்சிப்போனால் ஒரு லட்சம் இருக்கும்.

60,000 என்றே வைத்துக்கொள்வோம். 40 சதவிகிதம் என்றால் 24,000 ரூபாய்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 6.5இலிருந்து படிப்படியாக 5.25 வரை இறக்கியது. அந்த இறக்கத்தில் பெரிய வங்கிகள் சேவிங்ஸ் வட்டியை 2.5 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. உங்கள் 6 லட்சம் அந்த 2.5இல்தான் தூங்குகிறது. அதே பணம் 6.5 சதவிகித எஃப்டியில் இருந்தால் 4 சதவிகிதம் கூட வரும். 6 லட்சத்துக்கு 4 சதவிகிதம் எவ்வளவு? அதே 24,000 ரூபாய்! மச்சான் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ட் பார்த்து, ஸ்டாப் லாஸ் போட்டு, தூக்கம் கெட்டுச் சம்பாதித்ததை நீங்கள் ஒரு பாரம் பூர்த்தி செய்து கொடுத்துச் சம்பாதித்திருக்கலாம்.

இன்னும் ஒரு படி போனால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. ஒரு வருடத்துக்குள் விற்ற ஷேர் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவிகிதம் வரி, அதன் மேல் செஸ். மச்சானின் 24,000இல் ஏறக்குறைய 5,000 அங்கேயே போகும். வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, ஒவ்வொரு முறை விற்கும்போது டிபி சார்ஜ் என்ற டீமேட் கணக்குக் கட்டணம் எல்லாம் தனி. உங்கள் எஃப்டி வட்டிக்கோ, புதிய வரி முறையில் இருந்தால், வரியே கிடையாது. ஏனென்றால் உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கிறது, ரிபேட் என்ற வரித் தள்ளுபடியில் எல்லாம் கழிந்துவிடும். அந்த ரிபேட் ஷேர் விற்ற லாபத்துக்கு மட்டும் கிடைக்காது. இது பலருக்குத் தெரிவதில்லை, "12 லட்சம் வரை வரி இல்லையே சார்" என்று சொல்லிக்கொண்டு ஜூலை மாதம் ஆடிட்டரிடம் போய் முழிப்பார்கள். ஆக உங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு எஃப்டியும் ட்ரேடிங்கும் ஒரே கோட்டிலிருந்து ஓட ஆரம்பிப்பதே இல்லை.

நான் ஷேருக்கு எதிரி இல்லை, என் பணத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் "எது பெஸ்ட்" என்று நீங்கள் ஒப்பிடுகிற விதம் சரியில்லை. ஸ்ட்ரேட்டஜிக்கும் ஸ்ட்ரேட்டஜிக்கும் சதவிகிதப் போட்டி வைக்கிறீர்கள். எந்தப் பணம், எத்தனை ரூபாய், எப்போது வேண்டும் என்று பிரித்துவிட்டால் பாதிப் போட்டி தானாகவே முடிந்துவிடும்.

அந்த 40 சதவிகிதமும் முழுசாக உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புரோக்கர் ஆப்பில் டாக்ஸ் பி அண்ட் எல் என்று ஒரு ரிப்போர்ட் வரும், விற்று முடித்தவற்றின் லாப நஷ்டம் அதில் இருக்கும். அதோடு ஹோல்டிங்ஸ் பக்கத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஏறியதை விற்று லாபத்தை எடுத்துவிடுவதும், இறங்கியதை "லாங் டெர்ம்" என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்வதும் ஸ்விங் ட்ரேடர்களின் தொன்றுதொட்ட பழக்கம். விற்காத நஷ்டம் அவர்கள் கணக்கில் நஷ்டமே இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கூட்டினால்தான் வண்டவாளம் தெரியும். மூன்றாவதாக, எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். எல்லாமே ஏறிய வருடத்தில் யார் வாங்கியதும் ஏறியிருக்கும். 2024 செப்டம்பர் கடைசியில் 26,200ஐத் தாண்டி முடிந்த நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் ஷேர் குறியீடு), அக்டோபரிலிருந்து தொடர்ந்து ஐந்து மாதம் இறங்கி, 2025 பிப்ரவரி கடைசியில் 22,124க்கு வந்தது. சின்னக் கம்பெனிகளின் ஷேர் அதைவிட மோசம். அந்த ஐந்து மாதத்தில் மச்சான் என்ன செய்தார் என்று தெரிந்தால் அவருடைய திறமை எனக்குப் புரிந்துவிடும்.

சரி, ஸ்ட்ரேட்டஜிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

டிவிடெண்ட் ஷேர் என்பது சம்பளம் மாதிரி வரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். 2 லட்சத்துக்கு 4 சதவிகித டிவிடெண்ட் வந்தாலும் வருடம் 8,000. அதுவும் சும்மா வருவதில்லை, எக்ஸ் டேட் அன்று, அதாவது வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத முதல் நாளில், ஷேர் விலையில் அந்த அளவு கழிந்துதான் தொடங்கும். பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போடுவது. நல்ல கம்பெனியாக இருந்து டிவிடெண்டும் தந்தால் சந்தோஷம், டிவிடெண்டுக்காகவே கம்பெனியைத் தேடினால் வளர்ச்சி நின்றுபோன கம்பெனிகள்தான் வரிசையில் முதலில் வந்து நிற்கும்.

மொமெண்டம் உண்மையான உத்திதான். ஏறுவதை வாங்கு, சளைத்தால் விட்டுவிடு, அவ்வளவே. அதற்கென்றே இண்டெக்ஸும் அதைப் பின்பற்றும் ஃபண்டும் இருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன அந்த ஐந்து மாத இறக்கத்தில் மொமெண்டம் இண்டெக்ஸ் நிஃப்டியை விட அதிகமாகச் சறுக்கியது. அந்தச் சறுக்கலில் விதியை மீறாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும். மனுஷ சுபாவம் அப்படி விடாது.

உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இண்டெக்ஸ் ஃபண்டின் அழகு அது அதிக லாபம் தரும் என்பது இல்லை. தவறாக வாங்கிய ஒன்றை விட்டுத்தொலைக்கும் வேலையை உங்களிடம் கொடுக்காமல் அதுவே செய்துகொள்ளும், அதுதான் அழகு. சத்யம் கம்பெனியில் கணக்கு மோசடி வெடித்தது 2009 ஜனவரி முதல் வாரம். அடுத்த சில நாட்களில் நிஃப்டியிலிருந்து அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ரிலையன்ஸ் கேபிட்டலை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ரிலையன்ஸ் கேபிட்டலும் 2021இல் திவால் நடவடிக்கைக்குப் போனது, அதற்கு வெகு முன்பே நிஃப்டி அதையும் வெளியே அனுப்பியிருந்தது. யெஸ் பேங்கும் 2020 மார்ச்சில் அப்படித்தான் போனது. இண்டெக்ஸ் வைத்திருந்தவர் இதையெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு வேலைக்குப் போனார். தனி ஷேராக வைத்திருந்தவர்கள் "ஆவரேஜ்" செய்கிறேன் என்று மேலும் மேலும் வாங்கினார்கள். வாங்குவதானால் ஏஜெண்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் வாங்குங்கள், செலவு விகிதம் 0.1 முதல் 0.3 சதவிகிதத்துக்குள் இருக்கும் ஃபண்டுகள் நிறைய உண்டு.

ஆனால் இண்டெக்ஸும் இறங்கும், நன்றாகவே இறங்கும். 2020 ஜனவரியில் 12,300ஐத் தாண்டியிருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610. அன்று ஒரே நாளில் 13 சதவிகிதம் விழுந்தது. அதுவாவது மீண்டுவிட்டது, சீக்கிரமே மீண்டது. 2008 அப்படி மீளவில்லை. அந்த ஜனவரியில் 21,000க்கு மேல் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே வந்து, பழைய உச்சத்தைத் தாண்டி நிலைக்க 2013 கடைசி ஆகிவிட்டது. எனக்கு 2008 நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரே வரிசையில் நின்று விண்ணப்பித்த ஒரு ஐபிஓவில், தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த 80,000த்தை நானும் போட்டேன், லிஸ்டிங் அன்றைக்கே இறங்கியது. கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கினார். அப்போது நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்பதுதான் கூடுதல் வெட்கம். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு மூன்று வருடத்தில் இடம் வாங்க வேண்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட ஷேர் பக்கம் போகக் கூடாது. இண்டெக்ஸுக்கும் கூடாது, மச்சானுக்கும் கூடாது.

மச்சான் கேட்கும் 3 லட்சம் வேறு கதை. மாதம் 2 சதவிகிதம் உறுதி என்றால் வருடம் 24 சதவிகிதம். அடுத்தவர் பணத்தை வாங்கி ஷேரில் நிர்வகிக்க, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு வேண்டும், அப்படிப் பதிவு பெற்ற போர்ட்ஃபோலியோ மேனேஜர்கள் ஒரு ஆளிடம் குறைந்தது 50 லட்சம் வாங்க வேண்டும் என்பது விதி. அவர்களே வருமானத்தை உறுதி என்று சொல்லக் கூடாது. மச்சான் சொல்கிறார் என்றால் அது முதலீடு இல்லை, அவருக்கு நீங்கள் தரும் கடன். மாதா மாதம் நிச்சயமாக 2 சதவிகிதம் என்பது முழுப் பணம் கொடுத்து வாங்கும் டெலிவரி ஷேரில் ஸ்விங் செய்து நடக்கிற காரியமும் இல்லை, ஆகவே அவர் ஆப்ஷன் பக்கம் போயிருக்கிறார் அல்லது சீக்கிரம் போவார் என்பது என் சந்தேகம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தபோது எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர், ஆப்ஷன் ஒப்பந்த வியாபாரம்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டம், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம், மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். அடுத்த நிதியாண்டில் இது 91 சதவிகிதம் ஆனது. முன்னேற்றம்தான்! உங்கள் மச்சான் நூற்றில் மீதமுள்ள 9 பேரில் ஒருவராக இருக்கலாம், இருந்தால் அவருக்கு உங்கள் 3 லட்சம் தேவைப்படாது.

இனி, பணத்தை வைக்கும் இடங்கள். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கப்போகிறது.

வங்கி டெபாசிட்டுக்கு டிஐசிஜிசி (ரிசர்வ் வங்கியின் டெபாசிட் காப்பீட்டு நிறுவனம்) தரும் காப்பீடு ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு, 5 லட்சம் வரை. அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் நான்கு கிளையில் பிரித்துப் போட்டாலும் எல்லாவற்றையும் கூட்டி 5 லட்சம்தான். உங்கள் 6 லட்சம் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. உங்கள் பெயரில் தனியாக ஒன்று, மனைவியோடு கூட்டாக ஒன்று என்றால் இரண்டும் வேறு வேறு கணக்கில் வரும்.

கூட்டுறவு வங்கியின் 8.5 பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல கூட்டுறவு வங்கிகள் நன்றாகவே நடக்கின்றன, எல்லோரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் மும்பையில் பிஎம்சி வங்கிக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது முதலில் ஒரு அக்கவுண்டுக்கு 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. அப்போது காப்பீடு வெறும் 1 லட்சம், அந்தக் கூச்சலுக்குப் பிறகே 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆனது. பிற்பாடு அந்த வங்கியை ஒரு சிறு நிதி வங்கியோடு இணைத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மிச்சப் பணம் வருடக்கணக்கில் தவணையாக, கடைசித் தவணை 10 வருடம் கழித்து என்று திட்டம் போட்டார்கள். அதனால் கூட்டுறவு வங்கியோ சிறு நிதி வங்கியோ, வட்டி அசலோடு சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டாமல் போட்டால் பெரிய பயமில்லை. "வங்கி" என்று போர்டில் இருக்கிறதா, டிஐசிஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அதேபோல் தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ் மாதிரியானவை மாநில அரசின் நிறுவனங்கள், நம் ஊரில் நிறைய ரிட்டயர் ஆனவர்கள் அவற்றில்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவை வங்கி இல்லை, இந்த 5 லட்சம் அங்கே செல்லாது. அரசாங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கையில் போடுவது, அவ்வளவுதான்.

டெபாசிட் போட்டவருக்கும் ஷேர் வாங்கியவருக்கும் என்ன வித்தியாசம் என்று புரியாதவர்களுக்கு நான் கரூரைக் காட்டுவேன். உங்கள் பக்கத்து ஊர். 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பரில் 25,000க்கு மேல் எடுக்க முடியாது என்று பூட்டுப் போட்டார்கள், பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட்காரர்களின் பணம் முழுசாகத் தப்பியது. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு? பூஜ்யம். அந்த வங்கிப் பத்திரங்களை "இது நம்ம ஊர் பேங்க்" என்று தாத்தா காலத்திலிருந்து பீரோவில் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் கொங்கு பக்கம் எத்தனையோ. ஒரே வங்கி, ஒரே வாரம், ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார், இன்னொருவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்" என்றதும் உங்கள் ஷேர் பட்டியல் நினைவுக்கு வருகிறது. இணைப்பில் அனுப்பிய ஏழில் ஐந்து டெக்ஸ்டைல். தொழில் தெரியும் என்பதால் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், நியாயமான காரணம்தான். ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவிகித வரி போட்டபோது உங்கள் கம்பெனியில் ஆர்டர் என்ன ஆனது, ஓவர்டைம் என்ன ஆனது, அதே வாரம் அந்த ஐந்து ஷேரும் என்ன ஆயின? சம்பளமும் ஷேரும் ஒரே படகில் இருக்கின்றன. வேலை போகிற அன்றைக்கு விற்கலாம் என்று பார்த்தால் விலையும் போயிருக்கும். இது மச்சான் விஷயத்தைவிட எனக்குக் கவலை தருகிறது. ஐந்தையும் ஒரேயடியாக விற்க வேண்டாம், ஒரு வருடத்தைத் தாண்டியவற்றிலிருந்து ஆரம்பித்து ஆறு மாதத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சும்படி குறையுங்கள். ஒரு வருடம் தாண்டிய லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, உங்களுக்கு அந்தத் தொகையை நெருங்கவும் வாய்ப்பில்லை. வந்த பணம் இண்டெக்ஸுக்குப் போகட்டும்.

இப்போது அப்பா. வயதானவர்களின் யோசனை பழசு என்று தள்ளுவது நம் வழக்கம், இந்த முறை அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுண்டே 4 சதவிகிதம் தருகிறது, உங்கள் வங்கியைவிட ஒன்றரை கூட. கடந்த சில காலாண்டுகளாக 2 வருட டெபாசிட்டுக்கு 7 சதவிகிதம். மத்திய அரசின் பணம் என்பதால் 5 லட்சம் என்ற வரம்பும் இல்லை. மகளுக்கு 10 வயது ஆகவில்லை என்பதால் செல்வமகள் கணக்கு தொடங்க முடியும், அதில் 8.2 சதவிகிதம், வட்டிக்கும் முதிர்வுக்கும் எந்த வரி முறையிலும் வரி இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம், அதனால் 21 வருடமும் 8.2 என்று நினைக்க வேண்டாம். 15 வருடம் கட்ட வேண்டும், அவளுக்கு 18 ஆனபின் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். இவ்வளவு வட்டியை, வரி இல்லாமல், ரிஸ்க் இல்லாமல் தரும் இடம், பிஎஃபை விட்டால், எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மூன்று வருடம் தள்ளினால் கதவு மூடிவிடும், இந்த வாரமே தொடங்குங்கள்.

அப்பா தவறுவது "எல்லாவற்றையும்" என்ற சொல்லில் மட்டும். உங்களுக்கு 36 வயது, 58 வரை 22 வருடம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஏழு சதவிகிதம் போதாது, கல்லூரிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் ஏறுகிற வேகத்தில். அதற்குத்தான் இண்டெக்ஸ்.

அப்படியானால் 6 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். வீட்டுச் செலவு மாதம் 38,000 என்று தெரிகிறது, ஆறு மாதத்துக்கு 2.28 லட்சம், கொஞ்சம் கூட்டி 2.4 லட்சம் அவசரப் பணம். திருப்பூரில் ஆர்டர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே இதைக் குறைக்க மாட்டேன். இதில் 60,000 சேவிங்ஸிலேயே இருக்கட்டும், மீதி 1.8 லட்சத்தை மனைவியோடு கூட்டாக 60,000 வீதம் மூன்று எஃப்டியாகப் போடுங்கள். ஒரே எஃப்டியாகப் போட்டால் 20,000 அவசரத்துக்கு மொத்தத்தையும் உடைக்க வேண்டி வரும், மூன்றாக இருந்தால் ஒன்றை உடைத்தால் போதும். இடத்துக்கு 3 லட்சம், போஸ்ட் ஆபீஸ் 2 வருட டெபாசிட், அதையும் இரண்டாகப் பிரித்து. முதல் ஆறு மாதம் தொட முடியாது, ஒரு வருடத்துக்குள் எடுத்தால் சேவிங்ஸ் வட்டிதான் வரும் என்பதால் நடுவில் நல்ல இடம் ஒன்று அமைந்தால் கொஞ்சம் வட்டி போகும், பரவாயில்லை.

மிச்சம் 60,000. இதில்தான் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் வருகிறது. உங்கள் சம்பளம் 21,000ஐத் தாண்டியதால் இஎஸ்ஐ கிடையாது, கம்பெனி மெடிக்ளெய்ம் வேலையோடு போய்விடும். குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசியும் உங்கள் பெயரில் ஒரு கோடி டெர்ம் பாலிசியும் எடுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பிரீமியம் போக மிஞ்சுவதில் செல்வமகள் கணக்குக்கு முதல் தொகையைக் கட்டுங்கள்.

மாதம் மிஞ்சும் 9,000இல் செல்வமகளுக்கு 3,000, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 5,000. மீதி 1,000 உங்கள் இஷ்டம், ஷேர் வாங்கிப் பழகுங்கள், ஸ்விங் செய்யுங்கள், வருடம் 12,000 போனாலும் வீடு இடிந்துவிடாது. பழகும் ஆசையை அடக்கி வைத்தால் அது ஒருநாள் 3 லட்சமாக வெடிக்கும் என்பது நான் பலரிடம் பார்த்தது. பிஎஃபில் உங்கள் பங்கைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று எச்ஆரிடம் கேட்டு வையுங்கள், 2024-25க்கு அங்கே வட்டி 8.25. மறந்தே போகிற இடம் அது.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம். பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள், 1982 சட்டப்படி பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். கூட வேலை பார்ப்பவர் நடத்துகிறார் என்றால் அநேகமாகப் பதிவு இருக்காது. 12 மாதம் கட்டியாயிற்று, ஆகவே சண்டை போட்டு வெளியே வருவதற்குப் பதில், கடைசி வரை காத்திருக்காமல், தள்ளுபடி குறைவாக நிற்கும் ஏலத்தில் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கழிவு போனாலும் பணம் கைக்கு வந்துவிடும், அதன்பின் நீங்கள்தான் சீட்டுக்குக் கடன்காரர், சீட்டு உங்களுக்கு இல்லை. எடுத்த பணம் இடத்துக்கான டெபாசிட்டோடு சேரட்டும். சீட்டு முடிந்ததும் அதற்கு மாதா மாதம் கட்டிய 10,000த்தை ஆர்டியாக மாற்றுங்கள், அடுத்த சீட்டுக்கு "நம்மாளு" என்று கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது தெரியுமா? முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும், கடைக்கு ஆயிரம் கட்டுப்பாடு வரும். அதாவது இப்போது அது டெபாசிட் இல்லை, கடை மூடினால் நீங்கள் வரிசையில் கடைசி ஆள். மகளுக்கு நகை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், சேதாரத்தில் தள்ளுபடியும் தருகிறார்கள் என்றால் இந்த 11 மாதத்தை முடித்து நகையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலீடாகத் தங்கம் வேண்டுமென்றால் ஷேர் மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான கோல்ட் ஈடிஎஃப் இருக்கிறது, செய்கூலி சேதாரம் இல்லாமல்.

கடைசியாக மச்சானுக்கான பதில். மனைவியை நடுவில் நிறுத்தாதீர்கள், நீங்களே பேசுங்கள். செபி கணக்கெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் அந்த 9 பேரில் ஒருவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார், வாக்குவாதம் வளர்ந்து தீபாவளி கெடும். அவருக்கு உண்மையிலேயே ஏதோ நெருக்கடி என்று தெரியவந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று மனசு ஒப்புகிற தொகையை, 20 ஆயிரமோ 25 ஆயிரமோ, உதவியாகக் கொடுங்கள், வட்டி பேசாதீர்கள். இல்லையென்றால் முதலில் போஸ்ட் ஆபீஸுக்கும் வங்கிக்கும் போய் டெபாசிட்டை எல்லாம் போட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். "பணத்தை எல்லாம் டெபாசிட்ல போட்டாச்சு மச்சான், இப்ப உடைச்சா வட்டி போயிடும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.